சம்பளம் கூட்டுகிறோம், போகாதே என்றால்... மலையில் இருப்பதா, இறங்குவதா?

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி கம்போங் ராஜா போகும் சாலையில் இருக்கிறது கியா பார்ம். சனி, ஞாயிறு என்றால் காய்கறிச் சந்தைக்கும் ஸ்ட்ராபெரித் தோட்டங்களுக்கும் வருகிறவர்களின் வாகனங்கள் இங்கே நகராமல் நிற்கும். இந்த வட்டாரத்திலிருந்துதான் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் குறுகலான சாலையும் பிரிகிறது.

ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ நிறுவனத்தைத் தொடங்கினார். பாரத் தேயிலை நிறுவனத்தின் தொடக்கம் 1933. அந்தக் காலத்தில் இந்த மலையில் காடு வெட்டவும் கொழுந்து பறிக்கவும் ஏறிய தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்றும் இங்கே இருக்கிறார்கள். கொழுந்து பறிக்கும் வேலைக்கு இப்போது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தான். உள்ளூர் இளைஞர்கள் தேயிலைத் தொழிற்சாலையில், இயந்திரப் பிரிவில், லாரியில், அலுவலகத்தில், தங்கும் விடுதிகளில், கடைகளில் வேலை செய்கிறார்கள். நாலைந்து வருடம் வேலை பழகியவர்களுக்கு ஈப்போவிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ அழைப்பு வருவது வழக்கம்.

அழைப்பு வந்து, ராஜினாமா கடிதமும் கொடுத்த பிறகு மேனேஜர் கூப்பிட்டு, "தம்பி, கடிதத்தை எடுத்துக்கோ, நானூறு வெள்ளி கூட்டிப் போடச் சொல்றேன்" என்றால் என்ன செய்வது? இதைத்தான் 'கவுண்டர் ஆஃபர்' என்கிறார்கள். போகிறவரை நிறுத்துவதற்காக இருக்கும் முதலாளியே முன்வைக்கும் மறுசலுகை இது. ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் முடிவு எடுக்கும் முன் பார்க்க வேண்டிய கணக்குகள் சில உள்ளன. மலையில் வாழ்கிறவர்களுக்கு நகரத்தில் இல்லாத ஒரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது.

முதலாளி ஏன் கூட்டித் தருகிறார்?

தேயிலைத் தொழிற்சாலையையே எடுத்துக்கொள்வோம். பறித்து வந்த கொழுந்தை வாட்ட வேண்டும், உருட்ட வேண்டும், நொதிக்க விட வேண்டும், உலர்த்த வேண்டும், பிறகு சலித்துத் தரம் பிரிக்க வேண்டும். நொதிப்பது சில நிமிடம் கூடினாலும் குறைந்தாலும் தேநீரின் நிறமும் சுவையும் மாறிவிடும். நிறத்தையும் மணத்தையும் வைத்தே 'இப்போது போதும்' என்று சொல்லக்கூடியவரை ஒரே மாதத்தில் உருவாக்க முடியாது. அவர் போனால் புது ஆளைத் தேட வேண்டும், பழக்க வேண்டும், பழகும் வரை வீணாகும் சரக்கையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். மாதம் நானூறு வெள்ளி கூட்டுவது அதைவிட மலிவு.

இதில் தவறு ஒன்றும் இல்லை. 'என் மதிப்பு இப்போதுதான் தெரிந்ததா?' என்று கோபப்படுவதாலும் பயன் இல்லை. முதலாளி தன் செலவைக் கணக்குப் பார்க்கிறார். தொழிலாளியும் தன் கணக்கை அதே நிதானத்தோடு பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு

29 வயது இளைஞர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தேயிலைத் தொழிற்சாலையில் ஏழு வருட வேலை. இப்போதைய சம்பளம் 2,100 வெள்ளி. குடியிருப்பது தோட்டத்து வீடு, வாடகை இல்லை. அதே தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்ற பெற்றோரும் அவரோடுதான் இருக்கிறார்கள். ஈப்போவில் ஓர் உணவுத் தொழிற்சாலை 2,800 வெள்ளி தருவதாகச் சொல்கிறது. கடிதம் கொடுத்ததும் தோட்ட நிர்வாகம் 2,500 வெள்ளி தருவதாகச் சொல்கிறது. அதில் 2,300 அடிப்படைச் சம்பளம், 200 பயணப்படி.

மேலோட்டமாகப் பார்த்தால் ஈப்போவில் 300 வெள்ளி அதிகம். கைக்கு வருவதைப் பார்ப்போம். சொக்சோ போன்ற சிறு பிடித்தங்களை விட்டுவிடலாம். ஈப்போ சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 308 வெள்ளி போனால் கையில் 2,492. அங்கே வீட்டு வாடகை 700 வெள்ளி என்று வைத்தால் மிச்சம் 1,792. மலையிலேயே இருந்தால் 2,300-க்கு மட்டும் சேமநிதி 253 வெள்ளி போய், கையில் 2,247. வாடகை இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு காசும் கூட்டாமல் இன்றைய 2,100 வெள்ளியிலேயே இருந்தாலும் சேமநிதி போகக் கையில் 1,869 நிற்கிறது. மாதம் 700 வெள்ளி கூடுதல் சம்பளத்துக்கு ஈப்போ போகிறவர், வாடகை கட்டிய பிறகு இன்றைவிட 77 வெள்ளி குறைவாகக் கையில் வைத்திருப்பார்.

இதைப் பார்த்ததும் 'அப்படியானால் இருந்துவிடலாம்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இது கணக்கின் பாதிதான்.

தோட்டத்து வீடு யாருடையது?

தோட்டத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. மகன் வேலையில் இருப்பதால் பெற்றோர் அந்த வீட்டில் இருக்கிறார்கள். அவர் ராஜினாமா செய்தால் வெளியேற வேண்டியது மொத்தக் குடும்பமும். அப்பா அம்மாவை எங்கே வைப்பது, பிள்ளையின் தமிழ்ப்பள்ளி என்ன ஆவது, தலைமுறையாகக் கும்பிட்ட கோயில் திருவிழாவுக்கு இனி விருந்தாளியாகத்தான் வர முடியுமா என்ற கேள்விகள் எல்லாம் சம்பளப் பேச்சோடு சேர்ந்துகொள்கின்றன. பல வீடுகளில் மறுசலுகையை ஏற்க வைப்பது அந்த நானூறு வெள்ளி அல்ல, இந்தப் பயம்தான்.

பயம் நியாயமானது. ஆனால் மலையிலேயே இருந்தால் அது தீருமா என்றும் கேட்க வேண்டும். இன்று 29 வயதில் எழும் வீட்டுக் கேள்வி 60 வயதில் ஓய்வு பெறும்போது மறுபடியும் வரும். தோட்டத்தில் உழைத்தவர்களுக்குச் சொந்த வீடு வேண்டும் என்பது மலேசியத் தமிழர்களின் நெடுங்காலக் கோரிக்கையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே வாடகை கட்டாமல் மிச்சமாகும் பணம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தே இந்த வீட்டின் மதிப்பு இருக்கிறது. மேலே சொன்ன இளைஞர் மாதா மாதம் மிச்சப்படுத்தி, தாப்பாவிலோ சிம்பாங் பூலாய் பக்கமோ ஒரு வீட்டுக்கு முன்பணம் சேர்த்தால் தோட்டத்து வீடு அவருக்குப் பெரிய உதவி. அந்தப் பணம் கார் தவணைக்கும் கைப்பேசிக்கும் போனால், பத்து வருடம் கழித்தும் அவர் இதே இடத்தில்தான் நிற்பார்.

கூட்டுவது எந்தக் கணக்கில்?

மறுசலுகையில் சொல்லப்படும் மொத்தத் தொகையைவிட அது எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பயணப்படி சேமநிதிக் கணக்கில் சேராது, ஓவர்டைம் கணக்கிலும் சேராது.

நமது உதாரணத்தில் 200 வெள்ளியைப் பயணப்படியாகத் தராமல் அடிப்படைச் சம்பளத்திலேயே சேர்த்தால், சேமநிதிக்கு முதலாளியின் பங்கு (5,000 வெள்ளி வரை 13 விழுக்காடு) மாதம் 26 வெள்ளி கூடும். தொழிலாளியின் பங்கு 22 வெள்ளி கூடும். இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 576 வெள்ளி. ஓவர்டைமுக்கு மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, வரும் தொகையை எட்டு மணி நேரத்தால் வகுத்து, ஒன்றரை மடங்கு தருவார்கள். 2,300-க்கு ஒரு மணி நேரம் 16.59 வெள்ளி, 2,500-க்கு 18.03 வெள்ளி. கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் இரவு வரை இயந்திரம் ஓடும் இடத்தில் இது சிறிய தொகை அல்ல.

சட்டப்படி ஏற்கெனவே தர வேண்டியதைச் சலுகை என்று சொல்வதும் உண்டு. 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் சிறு கடைகள், பண்ணைகளுக்கு இது அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் நடப்புக்கு வந்தது. மாதம் 4,000 வெள்ளி வரை வாங்குகிறவருக்கு ஓவர்டைம் சட்டப்படியான உரிமை. 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே சாதாரண வேலை நேரம். 1,500 வாங்குகிறவருக்கு "1,700 ஆக்குகிறோம், இரு" என்றாலோ, "இனிமேல் ஓவர்டைம் ஒழுங்காகப் போடுகிறோம்" என்றாலோ அது மறுசலுகை ஆகாது, பாக்கி. தொழிற்சங்கத்தின் கூட்டு ஒப்பந்தம் உள்ள இடத்தில், சொல்லப்படும் உயர்வு அந்த ஒப்பந்தப்படி எப்படியும் வர வேண்டியதுதானா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வருடங்களுக்கும் விலை உண்டு

இடம் மாறினால் சேவைக்காலம் முதலிலிருந்து தொடங்கும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஐந்து வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருப்பவருக்குக் குறைந்தது 16 நாள் வருடாந்திர விடுப்பும் 22 நாள் மருத்துவ விடுப்பும் உண்டு. புதிய இடத்தில் அவை முதல் இரண்டு வருடங்களுக்கு 8 நாளும் 14 நாளுமாகக் குறையும், அந்த நிறுவனம் தானாகக் கூடுதலாகத் தராவிட்டால்.

ஆட்குறைப்பு நேர்ந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. ஐந்து வருடத்துக்கு மேல் சேவை உள்ளவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடு. ஏழு வருடத்துக்கு 140 நாள் சம்பளம். புதிய இடத்தில் பன்னிரண்டு மாதம் முடியும் முன் ஆட்குறைப்பு வந்தால் இந்த இழப்பீடு கிடையாது. ராஜினாமா செய்து போகிறவருக்கும் இது கிடைக்காது. போகும் நிறுவனம் எவ்வளவு நிலையானது என்று விசாரிப்பது இதனால் அவசியமாகிறது.

கடிதம் எழுதியது எதற்காக?

இவ்வளவு கணக்கையும் போட்ட பிறகு, ராஜினாமா கடிதம் எழுதிய இரவுக்குத் திரும்பிப் போக வேண்டும். அன்று மனத்தில் இருந்தது என்ன?

சம்பளம் மட்டுமே குறை என்றால், மறுசலுகை அந்தக் குறையைத் தீர்க்கக்கூடும். ஏற்பதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் வேலையில் மேலே போக வழியில்லை, இரவு ஷிப்ட் உடம்புக்கு ஒத்துவரவில்லை, மேலாளரின் பேச்சு பொறுக்கவில்லை, சொந்த வீடு என்று ஒன்று வேண்டும் என்பவை காரணமாக இருந்தால், நானூறு வெள்ளி அவற்றில் ஒன்றைக்கூடத் தொடாது. முதல் இரண்டு மாதச் சம்பளம் வரும்போது மகிழ்ச்சியாக இருக்கும். பிறகு பழைய காரணம் திரும்ப வந்து நிற்கும். அப்போது ஈப்போ வேலை காத்திருக்காது.

பணம் அல்லாத காரணம் என்றால், மறுசலுகைப் பேச்சில் பணம் அல்லாததையும் கேட்கலாம். பகல் ஷிப்ட், பதவி உயர்வு, வேறு பிரிவுக்கு மாற்றம், வயர்மேன் அல்லது கொதிகலன் இயக்குபவருக்கான தகுதிச் சான்றிதழ் படிக்க அனுமதியும் கட்டணமும் என்று எதுவாகவும் இருக்கலாம். எச்ஆர்டி கார்ப் லெவி கட்டும் நிறுவனம் என்றால் பயிற்சிச் செலவை அங்கிருந்து பெற வழியுண்டு. கூட்டிய சம்பளம் இந்தத் தோட்டத்தில் இருக்கும் வரைதான் வரும். சான்றிதழ் எங்கே போனாலும் கூட வரும்.

அறிவுரை சொல்கிறவர்களுக்கும் ஆளுக்கொரு பக்கம் உண்டு. ஆள் சேர்க்கும் ஏஜென்ட், "மறுசலுகையை ஏற்றவர்களில் பத்தில் எட்டுப் பேர் ஆறு மாதத்தில் போய்விடுகிறார்கள்" என்பார். பலரும் திரும்பத் திரும்பச் சொல்லும் இந்தக் கணக்குக்கு நம்பத்தகுந்த ஆய்வு ஆதாரம் இல்லை. ஆள் மாறினால்தான் அவருக்குக் கமிஷன். "எங்கேயும் போகாதேப்பா" என்று சொல்லும் பெற்றோருக்கு வீட்டுக் கவலை. "போய்ப் பார்" என்று சொல்லும் நண்பர் ஏற்கெனவே போனவராக இருப்பார். எல்லாரையும் கேட்கலாம். ஆனால் யார் எதனால் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தாத்தா காலத்தில் இந்தப் பேரம்

தோட்டத் தொழிலாளியை வைத்து இரண்டு தோட்டங்கள் பேரம் பேசுவது நமக்குப் புதிதல்ல. மலாயாவில் இந்தியர்களுக்கான ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்ட பிறகு கங்காணி முறை ஓங்கியது. கூட்டி வந்த ஆட்களின் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குப் பணம் கிடைத்தது. பக்கத்துத் தோட்டம் கூடுதலாகத் தருவதாகச் சொன்னால் கங்காணி தன் ஆட்களோடு அங்கே மாறிவிடுவார் என்று துரைமார்கள் புலம்பிய காலம் அது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இதற்குத் 'துண்டு' என்றே ஒரு தாள் இருந்தது. இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று பழைய தோட்டம் எழுதித் தரும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். போட்டி கூடக் கூடத் துண்டில் எழுதிய தொகையும் கூடியது. அது தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது. 1921-இல்தான் சட்டம் அந்த முறையை ஒழித்தது.

அன்று பேரத்தில் தொழிலாளி பொருளாக இருந்தார். இன்று அவரே மேசைக்கு எதிரில் உட்கார்ந்து பேசுகிறார். அன்று தாள் மற்றவர்களின் கையில் இருந்தது. இன்று அதைத் தன் கையில் வாங்கிக்கொள்ளாவிட்டால் குறை நம்முடையது.

வாய்வார்த்தை போதாது

மறுசலுகையை ஏற்கிறவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். "அடுத்த மாசம் போட்டுடறேன், நீ வேலையைப் பாரு" என்று மேனேஜர் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் ராஜினாமா கடிதம் கோப்பில் இருக்கிறது, நோட்டீஸ் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. கொடுத்த ராஜினாமாவைத் தொழிலாளி தன்னிச்சையாகத் திரும்பப் பெற முடியாது, நிர்வாகமும் சம்மதிக்க வேண்டும் என்பதே பொது நிலை. சம்மதம் எழுத்தில் இல்லாமல் நோட்டீஸ் காலம் முடிந்துவிட்டால், வேலையும் முடிந்துவிட்டது என்று சொல்ல இடம் உண்டு. நடுவில் அந்த மேனேஜர் மாற்றலாகிப் போனால், வாக்குக் கொடுத்தவரே இருக்க மாட்டார்.

ஆகவே ஒரே கடிதத்தில் இந்த நான்கும் இருக்க வேண்டும்:

1. இன்ன தேதியிட்ட ராஜினாமா கடிதம் நிறுவனத்தின் சம்மதத்தோடு திரும்பப் பெறப்பட்டது.
2. சேவைக்காலம் முதன்முதலில் வேலையில் சேர்ந்த தேதியிலிருந்தே தொடர்கிறது.
3. புதிய அடிப்படைச் சம்பளம் இவ்வளவு, படி இவ்வளவு, நடப்புக்கு வரும் தேதி இது.
4. பதவி, ஷிப்ட், பயிற்சி என்று வேறு எதை ஒப்புக்கொண்டார்களோ அது.

கையெழுத்திட அதிகாரம் உள்ளவர் கையெழுத்திட்டு, ஒரு பிரதி கைக்கு வந்த பிறகே ஈப்போ நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அங்கே ஏற்கெனவே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், விலகுவது பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பது அவசியம். விலகுவதாக இருந்தால் தாமதிக்காமல் போனில் சொல்லி, எழுத்திலும் அனுப்புவதே மரியாதை. மலைக்கும் ஈப்போவுக்கும் நடுவில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

போவதென்றால்

மறுசலுகையை மறுக்கிறவர் நீண்ட விளக்கம் தர வேண்டியதில்லை. "உங்கள் நல்ல மனத்துக்கு நன்றி, ஆனால் முடிவு எடுத்துவிட்டேன்" என்றால் போதும். நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று வேலை ஒப்பந்தத்தில் இருக்கும். எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு நான்கு வாரம், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம். அவ்வளவு நாள் இருக்க முடியாதவர் மீதி நாட்களுக்கான சம்பளத்தைக் கட்டிவிட்டுப் போகலாம். புது நிறுவனம் அவசரப்படுத்தினால் அந்தத் தொகையை அவர்கள் ஏற்பார்களா என்று கேட்பதில் தவறில்லை. வீட்டைக் காலி செய்ய எத்தனை நாள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், பெற்றோரை அவசரமாக இறக்காமல் இருக்க.

சம்பளம் கூட்டுவதற்காக மட்டும் ராஜினாமா கடிதம் நீட்டுவது ஆபத்தான விளையாட்டு. "சரி, போய் வா" என்று நிர்வாகம் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டால், வேலையும் வீடும் ஒரே நாளில் கைநழுவும். சம்பளம் போதவில்லை என்றால் கடிதம் எழுதும் முன்பே போய்க் கேட்கலாம். வேறு இடத்தில் என்ன தருகிறார்கள் என்று விசாரித்து வைத்துக்கொண்டு கேட்டால் போதும்.

சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள தொழிலாளர் இலாகாவில் விசாரிக்கலாம். சங்க உறுப்பினர் என்றால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைப் பொறுப்பாளரிடம் ஒப்பந்தத்தைக் காட்டலாம். போகும்போது வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ராஜினாமா கடிதத்தின் பிரதி ஆகியவற்றை எடுத்துச் செல்வது நல்லது.

மேனேஜர் கேட்டவுடன் அதே இடத்தில் தலையாட்ட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. "வீட்டில் பேசிட்டு ரெண்டு நாள்ல சொல்றேன்" என்று கேட்டால் பெரும்பாலான நிர்வாகங்கள் மறுக்காது. அந்த இரண்டு நாளில், பெற்றோரும் மனைவியும் உடன் இருக்க, இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடலாம்.